மூன்று இருபதுக்கு என் கை எழுதியது

நசாரியோ எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து முன்னூற்று நாற்பது சோல். இந்தத் தொகையில் ஒரு காசுகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இனிமேல் எழுதப்போவதும் அப்படித்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் எங்கள் ஊர் தகரக் கூடத்தில் ஒரு இரவு படுத்துப் பார்க்கலாம். கூடம் இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊர் பெரு நாட்டு மலைமேல் இருக்கும் தங்கச் சுரங்க ஊர். உயரம் ஐயாயிரத்து நூறு மீட்டர். எங்களுக்கு மேலே பனிதான், வேறு ஊர் கிடையாது. இங்கே கூலி என்பது இதுதான்: முப்பது நாள் சம்பளமில்லாமல் வேலை. முப்பத்தோராம் நாள் சாக்கு நாள். அன்றைக்கு உன் முதுகு தாங்குகிற அளவு கல்லை நீயே தூக்கிக்கொண்டு போகலாம். கல்லில் தங்கம் இருந்தால் உன் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இன்னும் முப்பது நாள்.

அந்த ஆயிரத்து முன்னூற்று நாற்பதும் என் மனைவி எர்மெலிந்தாவைக் கீழே இறக்குவதற்காகச் சேர்த்த பணம். இந்த உயரத்தில் ரொம்ப வருஷம் இருந்தால் சிலருக்கு ரத்தம் கெட்டியாகிவிடும். அவளுக்கு ஆகிவிட்டது. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி கறுத்துப்போயிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் பட்டென்று சொல்லிவிட்டாள். "கீழ கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா ஒருநா தூக்கத்துலயே போயிடுவாங்க." கீழே என்றால் ஹுலியாக்கா நகரம். அங்கே ஒரு அறைக்கு முன்பணம், வண்டிச் செலவு, முதல் மாதச் சாப்பாடு. எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

அதை ஏன் நசாரியோவுக்குக் கொடுத்தேன் என்றால், அவன் தங்கை பௌலினா கழிவுச் சரிவில் கல் பொறுக்கும்போது உருண்டு காலை முறித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். நசாரியோ என்னோடு ஏழு வருஷம் ஒரே சுரங்கத்தில் துளை போட்டவன். அஞ்சாம் வகுப்புவரை படித்தவன். ஆள் கணக்கு எழுதுவதும் அவன்தான்.

"சாக்கு நாளு வரைக்கும்தாண்ணே," என்றான். "கல்லு வித்த கையோட உங்க வீட்டு வாசல்ல நிப்பேன்."

சாக்கு நாள் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அவன் என் வாசலில் நிற்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அவன் தங்கும் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை, சாக்கு இல்லை, சுத்தியல் இல்லை. போர்வை மட்டும் கிடந்தது. ஓடுகிறவனுக்கு அவ்வளவு அவசரமா என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்கு நாளில் ஒருவன் காணாமல் போனால் எங்கள் ஊரில் யாரும் தேட மாட்டார்கள். கல் நன்றாக மாட்டியிருக்கும், கடன்காரனுக்குப் பயந்து ராத்திரி வண்டியில் ஏறியிருப்பான், அவ்வளவுதான். இப்படிப் பத்துப் பேரைப் பார்த்திருக்கிறோம். நான் சந்தை முக்கில் நின்று கத்தினேன். திருடன் என்றேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன்.

பௌலினா ஊன்றுகட்டையோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கண்ணன் ஓடுற ஆளில்ல. உள்ளதான் எங்கயோ இருக்கான். போய்ப் பாருங்க."

"உள்ளயா? ஹுலியாக்கால இருக்கான்டி. என் காசுல பீர் குடிச்சிக்கிட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கள்கிழமைதான் தலைநகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார்கள். பெயர் ரொசானா. பெட்டி பெட்டியாக மெஷின். காற்றுக் குறைந்த இடத்தில் மனிதனுடைய யோசனை எவ்வளவு மெதுவாகிறது, மூளை எங்கே தடுமாறுகிறது என்று அளக்கிறார்களாம். தூக்கத்தில் உடம்பில் காற்று இன்னும் குறையுமாம். அதனால் ராத்திரி எழுப்பி எழுப்பித்தான் அளக்க வேண்டுமாம். ஒரு இரவுக்கு எழுபது சோல். ஆறு இரவு. நடுவில் ஒரு இரவு விட்டாலும் ஒரு சோல்கூடக் கிடையாது.

ஆறு எழுபது நானூற்று இருபது. ஹுலியாக்காவில் முன்பணத்துக்கு அது போதும். பெயர் கொடுத்தேன். கைநாட்டு வைத்தேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். வெடியை எண்ணத் தெரியாதவன் சுரங்கத்தில் உயிரோடு இருக்க முடியாது.

தகரக் கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆறு பேர் படுத்தோம். என் பக்கத்துக் கட்டில் தொரிபியோவுக்கு. வண்டி தள்ளுகிறவன். வாய் சும்மா இருக்காது.

விரலில் ஒரு கவ்வி மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது சிவப்பு எண்ணில் காட்டும். எனக்கு எண்பது. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார்கள்.

"கடற்கரை ஊர்ல ஒருத்தருக்கு எண்பது இருந்தா அப்படியே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்."

"உங்கூர்ல சாகுற காத்துலதாம்மா," என்றான் தொரிபியோ, "எங்கூர்ல கல்யாணமே பண்றோம்."

ஒரு இரவில் நான்கு தடவை எழுப்புவார்கள். பதினொன்று. ஒன்று பத்து. மூன்று இருபது. ஐந்து முப்பது. ஒவ்வொரு தடவையும் இரண்டு சோதனை. காதில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். கீச் என்று சத்தம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அப்புறம் டாக்டரம்மா ஐந்து எண் சொல்வார்கள். அதைக் காகிதத்தில் பின்னிருந்து முன்னாக எழுத வேண்டும். எழுதும்போது கை எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பார்ப்பார்கள்.

முதல் இரவில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் இரவு. மூன்று இருபது. கருவியை மாட்டினார்கள். கீச். அழுத்தினேன். கீச். அழுத்தினேன். நடுவில்…

டொக்.

கீழே இருந்து வந்தது. தரைக்கு அடியிலிருந்து. கல்லில் இரும்பு படுகிற சத்தம். அதற்கும் கை தானாக அழுத்திவிட்டது. எங்கள் ஊரில் ராத்திரியில் கல் தட்டுகிற சத்தம் அதிசயமில்லை. பாதி ஊர் விடியவிடிய கல் உடைக்கும். அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை.

டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். "இலாரியோ, நடுவுல அஞ்சு தடவ எதுக்கு அழுத்துனீங்க?"

"சத்தம் வந்துச்சே."

"நான் எந்தச் சத்தமும் குடுக்கல." தாளில் விரலை வைத்தார்கள். "அஞ்சும் சரியா ஒரே இடைவெளி. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா இப்படி ஆகும். பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. தொரிபியோதான் காலையில் பயமுறுத்தினான்.

"குள்ளன் கூப்பிடுறான் மாமா."

சுரங்கத்துக் குள்ளனைத் தெரியாதவன் எங்கள் ஊரில் இல்லை. ஒரு முழ உயரம், தலையில் கொம்பு, இடுப்பில் விளக்கு. தங்கம் இருக்கிற இடத்தைக் காட்டுவான். பதிலுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வான். தூங்கும்போதே எழுத வைப்பான். அந்தக் காகிதத்தை வேறு ஆளுக்குக் காட்டினால் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். முதலில் உன் வீட்டு நோயாளியைத்தான் எடுத்துக்கொள்வான்.

"போடா," என்றேன். ஆனால் அன்று மாலை சுரங்க வாயில் குள்ளனுக்குப் படையலாக, நாங்கள் மெல்லும் கோக்கா இலை மூன்று வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாம் இரவு. புதன்கிழமை.

பதினொன்று, சரியாக இருந்தது. கவ்வியில் எண்பத்தொன்று.

ஒன்று பத்து, அதுவும் சரி. எழுபத்தெட்டு. வெளியே காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீர் உறைந்துபோய்விட்டது என்று டாக்டரம்மா கையைத் தேய்த்துக்கொண்டார்கள். திரும்பப் படுத்தேன்.

மூன்று இருபது. டாக்டரம்மா தோளைத் தட்டினார்கள். எழுந்து உட்கார்ந்தேன். காலைக் கீழே வைத்தேன்.

கால் சில்லென்றது.

குளிர் இல்லை. ஈரம். இரண்டு கம்பளிக் காலுறையும் சொதசொதவென்று நனைந்திருந்தன. முழங்கால்வரை.

"தண்ணி கொட்டிட்டீங்களா?"

"எங்க இருக்கு தண்ணி?"

குடத்தில் ஒரே பனிக்கட்டி. அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கவ்வியைப் பார்த்தார்கள். கழற்றினார்கள். துடைத்தார்கள். மறுபடி மாட்டினார்கள்.

நாற்பத்தொன்று.

அடுத்த கையில் மாட்டினார்கள். நாற்பத்தொன்று. தன் விரலில் மாட்டிப் பார்த்தார்கள். எண்பத்து நான்கு. மறுபடி எனக்கு. நாற்பத்தொன்று.

"இலாரியோ… மூச்சு விட முடியுதா?"

"விடுறேனே."

"நாப்பத்தொண்ணுல ஆளு பேசவே முடியாதுங்க…"

அவர்கள் முகம் மாறியது. ஆக்சிஜன் உருளையைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்கள். "இன்னிக்கு நிறுத்திடலாமா?"

நிறுத்தினால் நானூற்று இருபதும் போச்சு. எர்மெலிந்தாவின் உதடு கண்ணுக்குள் வந்தது.

"வேணாம். எண்ணச் சொல்லுங்க."

அவர்கள் தயங்கினார்கள். பேனாவைக் கொடுத்தார்கள்.

"எட்டு… மூணு… அஞ்சு… ஒண்ணு… ஆறு."

எழுதினேன். 6. 1. 5. 3. 8.

ஈரக் கல் வாசனை வந்தது. வெடிமருந்துக் கரி வாசனை வந்தது.

கை நிற்கவில்லை.

எண் முடிந்துவிட்டது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. வளைந்து… இறங்கி… மறுபடி வளைந்து. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. என் கைக்குத் தெரிந்திருந்தது.

"என்ன எழுதுறீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். வாயில் தண்ணீர் கசந்தது.

கண் திறந்துதான் இருந்தது. விளக்கு எரிந்தது. ஆனால் இருட்டாக இருந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

பக்கத்தில்.

நெருக்கத்தில்… சுவருக்குள் இருந்து விடுவது போல.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

பேனா கீழே விழுந்தது.

மணி மூன்று முப்பத்தொன்று. டாக்டரம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கவ்வியில் எழுபத்தொன்பது. தொரிபியோ வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மற்றவர்களும் அசையவில்லை.

அவர்கள் காகிதத்தை விளக்கடியில் பிடித்தார்கள். உதடு அசைந்தது. தலையை ஆட்டினார்கள்.

"ஸ்பானிஷ் இல்ல. இது எந்த மொழியும் இல்ல. சும்மா எழுத்தக் கொட்டியிருக்கு. காத்துக் குறைஞ்சா மூள இப்படித்தான்…" கொஞ்சம் நிறுத்தினார்கள். "உங்களுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே?"

"தெரியாது."

அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. இது கெட்டுப்போன தாள் என்று கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, எண் சோதனையைப் புதிதாக நடத்தினார்கள். இந்தத் தடவை கை ஒழுங்காக நின்றது.

விடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கூடையிலிருந்து எடுத்தேன். நீவி மடித்து என் கோக்காப் பையில் இலைகளுக்கு அடியில் வைத்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. குள்ளன் என்னிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டான். டாக்டரம்மா பார்த்தது கணக்கில் வராது, அவர்களுக்குப் படிக்கவே வரவில்லையே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஊரில் படிக்கத் தெரிந்தவன் எவனிடமும் காட்டக் கூடாது. காட்டினால் எர்மெலிந்தா போய்விடுவாள்.

"என்ன மாமா, மூஞ்சி சுண்டிப்போச்சு?" என்று கேட்டான் தொரிபியோ. "ராத்திரி குள்ளன் முத்தம் குடுத்தானா?"

நான் எழுந்து வேலைக்குப் போனேன்.

நான்காம் இரவு. மூன்று இருபது. தட்டுகிற சத்தம் வந்தது. எண்ணினேன். மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

ஐந்தாம் இரவு. மூன்று இருபது. ஒன்று.

அவ்வளவுதான். அதுவும் தட்டு மாதிரி இல்லை. ஏதோ கையிலிருந்து நழுவி விழுந்த மாதிரி… அப்புறம் ஒரு உரசல்.

ஆறாம் இரவு. மூன்று இருபது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றுமில்லை.

ஐந்து முப்பதுக்கும் ஒன்றுமில்லை. கவ்வியில் எண்பத்து மூன்று. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, உடம்பு பழகிடுச்சு. ஆறு நாள்ல இதுதான் உங்களோட நல்ல ராத்திரி." எனக்கும் சந்தோஷம்தான். குள்ளன் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நானூற்று இருபது சோல் வாங்கினேன். அடுத்த வாரம் எர்மெலிந்தாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வண்டி ஏறும்போது சந்தை முக்கில் பௌலினா ஊன்றுகட்டையோடு நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹுலியாக்காவில் மூட்டை தூக்கினேன். செங்கல் சூளையில் வேலை பார்த்தேன். எர்மெலிந்தாவுக்கு உதட்டில் நிறம் திரும்பியது. இரண்டாம் வருஷம் அவளே சந்தையில் சூப் விற்க ஆரம்பித்தாள். ஆள் பிழைத்துவிட்டாள்.

ஆனால் அந்தக் காகிதம் பையில் இருந்தது. நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று தெரிய வேண்டும். வேறு யாரிடமும் காட்டக் கூடாது. எழுதிக் கொடுத்தவன் படித்தால் தோஷமில்லை. அப்படியென்றால் நானே படிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நடக்கும் இரவுப் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். முரட்டு விரலில் பென்சில் நிற்காது. பதினெட்டு மாதம் ஆனது.

காகிதத்தைப் பிரித்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எர்மெலிந்தா பின்பக்கம் பானை கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டு எழுத்து எழுத்தாகத்தான் கூட்டுவேன். முதல் வரியில் எண்கள். அதன் கீழே எழுத்துகள், நடுவில் இடமே விடாமல், புள்ளி இல்லாமல். ஸ்பானிஷ் சொல் ஒன்றும் அகப்படவில்லை. சும்மா சத்தம் சத்தமாகக் கூட்டிக்கொண்டே போனேன். என் கவனமெல்லாம் அடுத்த எழுத்து என்ன என்பதில்தான் இருந்தது. என்ன சொல்கிறேன் என்று என் காதுக்கே ஏறவில்லை.

கதவு திறந்தது. எர்மெலிந்தா நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாரு தட்டுறாங்க?" என்றாள்.

"என்ன?"

"இப்பச் சொன்னீங்களே. தட்டுறேன்னு. யாரு அது?"

கெச்சுவா. எங்கள் வீட்டு மொழி. நாங்கள் பேசுவோம். ஆனால் எழுதி நான் பார்த்ததே இல்லை. தலைநகரத்து டாக்டரம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

திரும்ப முதலிலிருந்து படித்தேன். இந்தத் தடவை காதில் விழுந்தது.

"இரண்டாம் ஏணிக்குக் கீழ் இடது கிளை கல் விழுந்து மூடிவிட்டது முழங்கால் வரை தண்ணீர் தட்டுகிறேன் இலாரியோ அண்ணே தட்டுகிறேன்."

எர்மெலிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரியே வண்டி ஏறினேன். தொரிபியோ இன்னும் அங்கேதான் இருந்தான். காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நசாரியோ இரண்டாம் ஏணிக்குக் கீழே கிடக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வர்றியா, இல்லையா?"

அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். இடது கிளை பழைய சுரங்கப் பாதை. நசாரியோ காணாமல் போவதற்கு முன்பே அதைக் கைவிட்டுவிட்டார்கள். நல்ல கல் அங்கேதான் மிச்சம் இருக்கிறது என்று அவன் அடிக்கடி சொல்வான். சாக்கு நாளில் யாருக்கும் சொல்லாமல் அங்கே நுழைந்திருக்கிறான். ஒன்பது மணி நேரம் கல்லை அள்ளினோம்.

அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் அழுகுவதில்லை. அவன் உட்கார்ந்திருந்தான். தண்ணீருக்கு மேலே, தன் கல் சாக்கின் மேல். முழங்கால்வரை உறைந்த நீரில். சுத்தியல் காலடியில் பனிக்குள் தெரிந்தது. எதிர்ப்பாறையில் ஒரே இடத்தில் தட்டித் தட்டி ஒரு கை நுழையும் அளவு குழி விழுந்திருந்தது.

குழிக்குப் பக்கத்தில் கோடுகள் கீறியிருந்தான். நாளுக்கு ஒன்று போலிருக்கிறது. கையில் கடிகாரம் இருந்தது.

தொரிபியோ விளக்கைக் கிட்டே கொண்டுபோய் எண்ணினான். "ஏழு… எட்டு. எட்டு நாள் மாமா. எட்டு நாள் இருந்திருக்கான் உயிரோட."

சாக்கு நாள் வெள்ளி. அதிலிருந்து எட்டாம் நாள் அடுத்த வெள்ளி. அன்று ராத்திரிதான் ஐந்தாம் இரவு.

காகிதம் என் பைக்கு வந்தது வியாழன் காலை. வியாழன் இருந்திருக்கிறான். வெள்ளியும் இருந்திருக்கிறான்.

"மாமா, இங்க வேற என்னமோ இருக்கு," என்றான் தொரிபியோ. "எண்ணு மாதிரி. எதுக்கு இத எழுதியிருக்கான்?"

கோடுகளுக்குக் கீழே. ஆணியால் ஆழமாகக் கீறியது.

6 1 5 3 8.

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். தொரிபியோ அதைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். அந்த எண்ணை டாக்டரம்மா சொன்னது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூடத்தில், என் ஒருவன் காதில். பின்னிருந்து முன்னாக எழுதச் சொன்னது என்னைத்தான்.



ஒரு மாதம் கழித்து பௌலினா எங்கள் அறைக்கு வந்தாள். ஊன்றுகட்டை இல்லை. ஆனால் நொண்டல் போகவில்லை. எர்மெலிந்தா சூப் வைத்தாள். பௌலினா அதைத் தொடவில்லை.

"சாக்குக் கல்ல அரைச்சோம். முப்பத்தெட்டு கிராம் தங்கம். நல்ல கல்லுதான்." மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். பதின்மூன்று நூறு. இரண்டு இருபது. "எண்ணிக்குங்க."

"வேணாம்மா. நீ வெச்சுக்க."

"வேணாம்னு சொல்ல நீங்க யாரு? கடன் வாங்கினது எங்கண்ணன்."

"பௌலினா…"

"மூணு வருஷம் நான் திருடன் தங்கச்சி. சந்தையில எவளும் எனக்குக் கடனுக்கு ஒரு உருளைக்கிழங்கு குடுக்கல. கத்துனது நீங்க. இப்ப வாங்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. அந்தச் சந்தை முக்குலயே ஒட்டணும் நான்."

எர்மெலிந்தா என்னைப் பார்த்தாள். "எடுத்துக்குங்க," என்றாள் மெதுவாக.

எண்ணினேன். சரியாக இருந்தது. இரவுப் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் நின்றபடியே காத்திருந்தாள்.

"நசாரியோ லாய்மே எனக்குத் தர வேண்டிய ஆயிரத்து முன்னூற்று நாற்பது சோல் முழுவதும் வந்து சேர்ந்தது. பாக்கி இல்லை. அவர் ஓடவில்லை."

அவள் இரண்டு தடவை படித்தாள். தாளைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

பழக்கதோஷத்தில் கட்டைவிரலை மையில் வைக்கப்போனேன்.

"கைநாட்டு வேணாம்," என்றாள். "பேரெழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன்.